கச்சான் வீசும் நாட்களில்

வாடைக்காற்றின் கொந்தளிப்பு ஓய்ந்து, சித்திரை முதல் புரட்டாதி வரையில் கிழக்கிலங்கையின் கடல் சாந்தமடைந்திருக்கும் மாதங்களே, நிலாவெளியிலும் உப்புவெளியிலும் பாசிக்குடாவிலும் உல்லாசப் பிரயாணிகளை நீருக்கு அழைத்துச் செல்லும் நம்போன்றோருக்குப் பிழைப்பும் பெருமையும் தருகிற மாதங்களாகும். அம்மாதங்களில் நம்மிடையே நிலவும் ஒரு வழக்கத்தைக் குறித்துச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஸ்கூபாக் கருவியோடு சுழியோட வருகிறவரிடம் உடல்நிலையைப் பற்றிய வினாப்படிவத்தை நிரப்பி வாங்குகிறோம். ஆழமற்ற நீரில் பயிற்சி கொடுக்கிறோம். முதல் முறையாக இறங்குகிறவரை 12 மீட்டருக்குக் கீழே கொண்டுபோவதில்லை. அவர் அருகைவிட்டு ஒரு கணமும் அகலுவதில்லை. ஸ்நோர்க்கலிங் செய்ய விரும்புகிறவருக்கோ, காற்றடைத்த மிதவையில் சாய்ந்து குழந்தையோடு பொழுதுபோக்க விரும்புகிறவருக்கோ, வேண்டிய உபகரணத்தை எடுத்துக் கொடுத்து வாடகையை எழுதிக்கொள்வதோடு நம் கடமை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. எளிதென்று பெயர்பெற்ற இவ்விரண்டுமே நம் முழுச் சிரத்தையையும் கோருபவை என்பது எமது திடமான அபிப்பிராயம்.

மிதவையின் விஷயம் காற்றின் விஷயமாகும். தென்மேற்குப் பருவக்காற்றானது மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைச் சொரிந்துவிட்டு, ஈரமிழந்து சூடேறி, கிழக்குச் சமவெளியைக் கடந்து, தரையிலிருந்து கடலை நோக்கிக் கச்சானாக வீசுகிறது. கரைக்கு அண்மையில் அலை எழுப்ப அதற்கு இடம் போதாமையால், மற்றெந்த நாளிலும் காணாத அளவுக்கு அன்று நீர் வழவழவென்று கிடக்கும்; அப்பால் போகப்போகவே அலை வளரும்; அதையுங்கூடக் கரையில் நிற்கிறவர் பின்புறத்திலிருந்து பார்க்கிறாராதலால் அதன் உயரம் அவருக்குப் புலப்படுவதில்லை. பாசிக்குடாவில் நெடுந்தூரம் நடந்தே போகலாம் என்பதும், நிலாவெளியில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் புறாத்தீவு கண்ணெதிரே கிடப்பதும், விருந்தினருடைய துணிவை இன்னும் வளர்க்கின்றன. இந்நிலையில் ஒரு ரப்பர் மிதவையோ சிறு கயாக்கோ, துடுப்புப் போடத் தெரியாத ஒருவரோடு வெளிக்கடலுக்கு விலகிப்போவதற்கு நீண்ட நேரம் வேண்டியதில்லை. நழுவிப்போன மிதவையைப் பிடித்துவிடலாமென்று அதன் பின்னே நீந்துகிறவரோ அதைக் காட்டிலும் பெரிய அபாயத்துக்கு ஆளாகிறார். ஆகையால் கச்சான் பலமாக எழுந்த நாளில் மிதவைகளைக் கரையேற்றிக் கட்டிவிடுவதும், கயாக்குகளைக் கரையோரமாக மட்டுமே அனுமதிப்பதும், எஞ்சின் படகொன்றை ஆளோடு ஆயத்தமாக வைத்திருப்பதும் இன்றியமையாத காரியங்களாகும்.

ஸ்நோர்க்கலிங்கைப் பற்றியோ நம் காலத்தில் அறிவே மாறியிருக்கிறது. ஹவாய்த் தீவுகளின் சுகாதாரத் துறையின் ஆதரவில் நிகழ்ந்து 2021இல் வெளியான ஆராய்ச்சியொன்று, ஸ்நோர்க்கலிங் செய்கையில் இறந்தோர் பலருக்கு நீரை விழுங்கியது முதற்காரணமாக இராமல், குழாயின் வழியே சிரமப்பட்டு மூச்சை இழுத்ததனால் நுரையீரலுக்குள் திடீரென்று நீர் கோத்துக்கொண்டதே காரணமாக இருக்கலாமென்று கண்டது. குழாய் எவ்வளவுக்கு இடர் தருகிறதோ, உழைப்பு எவ்வளவுக்கு மிகுகிறதோ, இருதயத்திலோ நுரையீரலிலோ எவ்வளவுக்குக் குறையிருக்கிறதோ, அவ்வளவுக்கு ஆபத்தும் மிகுகிறது. மூச்சு முட்டல், அசாதாரணமான களைப்பு, காரணமற்ற பீதி ஆகியவையே அதன் அறிகுறிகள். கூக்குரலோ கையசைப்போ இல்லாமல், கால் தரையில் ஊன்றக்கூடிய நீரிலேயே மனிதர் அடங்கிப்போய்விடக்கூடும். கை வீசித் தத்தளிப்பவரைத் தேடப் பழகிய நம் கண்கள், முகத்தை நீரில் வைத்து அசையாமல் மிதப்பவர் மீன்களை ரசிக்கிறார் என்று எண்ணி அவரைக் கடந்து போய்விடுகின்றன என்பதை நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது.

எனவே இருதய நோயும் இரத்த அழுத்தமும் உண்டா என்ற கேள்வியை இங்கும் கேட்க வேண்டும். சிக்கலான அடைப்பான்கள் கொண்ட குழாயைக் காட்டிலும் எளிய குழாயையே கொடுக்க வேண்டும். இடுப்பளவு நீரில் முதலில் மூச்சு விடப் பழக்கி, மூச்சில் சிறிது சங்கடம் தோன்றியதும் முகமூடியையும் குழாயையும் கழற்றி, மல்லாந்து மிதந்து, உதவி கேட்டுக் கையுயர்த்தி, நீரைவிட்டு வெளியேறக் கற்பிக்க வேண்டும். இதனால் விளையும் இன்னொரு நன்மையும் உண்டு. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்ட புறாத்தீவில், பவளப்பாறைமேல் ஏறி நின்று அதை ஒடிக்கிறவர்களில் பலர் அலட்சியக்காரர்களல்லர்; மிதக்கத் தெரியாமல் களைத்துப்போய், காலுக்கு ஆதாரம் தேடுகிறவர்கள். அவர்களுக்கு உயிர்காப்பு அங்கியை அணிவித்து மிதக்கக் கற்றுக்கொடுத்தோமானால், எந்த எச்சரிக்கைப் பலகையையும்விட நன்றாகப் பவளம் பிழைக்கும்.

இவையாவும் ஓரிடத்தில் வந்து முட்டுகின்றன. பயணத்துக்கு இவ்வளவென்று கூலி பெறும் படகோட்டி, காற்றின் குறியை நம்மெல்லோரையும்விட நன்கறிந்தவன். ஆனால் போக வேண்டாமென்று அவன் சொல்லும் நாளில் அவன் வீட்டு அடுப்பு எரியாது. வரும் பருவத்துக்கான ஒப்பந்தங்களை எழுதவிருக்கும் விடுதி நிர்வாகிகள், கடல் காரணமாகப் படகு நிறுத்தப்பட்ட நாளுக்கும் அவனுக்குக் கூலி உண்டு என்ற வாசகத்தையும், அவனும் நீரில் நிற்கும் வழிகாட்டியும் மறுத்ததை முன்மேசையிலிருப்போர் மாற்றலாகாது என்ற வாசகத்தையும் அவற்றில் சேர்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.