மழை மீது பழி போடாதீர்கள்



மழை தொடங்கிவிட்டது. இனி வானொலியில் பதுளை, நுவரெலியா, கண்டி, இரத்தினபுரி, கேகாலை என்று மாவட்டப் பெயர்களை வாசிப்பார்கள். மண்சரிவு அபாயம், அவதானமாக இருங்கள் என்பார்கள். லயத்தை விட்டு எங்கே போவது என்பதை மட்டும் எவரும் வாசிப்பதில்லை.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்த மீரியாபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு. செத்தவர் எத்தனை பேர் என்ற கணக்கே நாளுக்கு நாள் மாறியது. முதலில் நூற்றுக்கணக்கில் என்றார்கள், பிறகு குறைத்தார்கள். எந்தக் காம்பிராவில் யார் இருந்தார் என்ற கணக்குக் கூட இல்லாத நிலையில்தான் நம்மை வைத்திருந்தார்கள்.

"இயற்கை அனர்த்தம்" என்று சொல்லிக் கோப்பை மூடுவது சுலபம். மலை எப்படி இறங்குகிறது என்று நாமே பார்ப்போம்.

நாள் கணக்கில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி, மண்துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளை நிரப்புகிறது. அந்தத் தண்ணீர் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளுகிறது. மண்ணின் பிடி விடுகிறது. அதன்மேல் ஒரு பெருமழை கொட்டினால் சரிவின் ஒரு துண்டு கழன்று செங்குத்தான ஓடைக்குள் விழும். விழுந்ததோடு நிற்காது. ஓடைத் தண்ணீரோடு கலந்து, சீமெந்துக் கலவை போலக் குழைந்து, அடியிலும் கரையிலும் உள்ள கல், மரம், மண் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போகப் போகப் பெருக்கும். பெரிய பாறைகள் முன்னால் வரும். ஓடித் தப்ப முடியாத வேகம். சரிவு குறைந்து நிலம் சமமாகும் இடத்தில்தான் அது பரந்து நிற்கும். பல தோட்டங்களில் லயம் கட்டியிருப்பது அங்கேதான். துரை பங்களா எங்கே இருக்கிறது என்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

மழையை யாரும் தடுக்க முடியாது. ஆனால் கான் வெட்டலாமே! முன்பு கான் வெட்ட, தூர் எடுக்க என்றே ஆண்களுக்கு வேலை கொடுத்தார்கள். இன்று செலவுக் குறைப்பு என்று அதை விட்டுவிட்ட மலைகள் எத்தனை? தூர்ந்த கானில் தண்ணீர் ஓடாது, மண்ணுக்குள் இறங்கும்.

அடுத்தது எச்சரிக்கை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு இது: 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 தாண்டினால், வெளியேறியே ஆக வேண்டும். தோட்டக் காரியாலயத்தில் மழை அளந்து புத்தகத்தில் எழுதுகிறார்கள். பிரட்டுக்களத்தில் அதைச் சொல்கிறார்களா? சொல்லாவிட்டால், அடியும் வாயும் ஒரே அகலமான தகரப் பேணியை வெளியில் வையுங்கள். மூன்று அங்குலம் நிறைந்தால் ஏறக்குறைய 75; ஆறு அங்குலம் என்றால் காத்திருக்க வேண்டாம். ஓடை திடீரெனக் கலங்கினாலும், கொட்டும் மழையில் திடீரென வற்றினாலும், உடனே ஓடையை விட்டு விலகி மேட்டுக்குப் போங்கள். வற்றினால் மேலே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மீரியாபெத்தைக்கும் எச்சரிக்கை இருந்தது. 2005 இலும் 2011 இலும் அபாயம் என்று அறிவித்தோம், சனங்கள் போகவில்லை என்றார்கள். எங்கே போவது? நமக்குச் சொந்தமாக ஒரு பேர்ச் காணி உண்டா? லயத்தை விட்டால் வேலைக்கு என்ன உத்தரவாதம்? சாவு விழுந்த பிறகு மட்டும் மாக்கல்தெனியவில் காணி கிடைத்தது, வீடு எழும்பியது. அதற்கும் 2016 வரை தொழிற்சாலைக் கட்டடத்தில் காத்துக் கிடந்தார்கள். அந்தக் காணி 2005 இல் இல்லாமலா இருந்தது?

ஆகவே இந்த மழைக்காலத்தில் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் எழுத்தில் கேட்க வேண்டும்: அன்றாட மழையளவு லயத்து வாசலில் எழுதப்பட வேண்டும். சிவப்பு எச்சரிக்கை நாளில் மலைக்குப் போகாதவருக்கும் முழுப் பேர் போட வேண்டும். தூர்ந்த கான்கள் உடனே வெட்டப்பட வேண்டும். அபாயம் என்று அடையாளமிட்ட ஒவ்வொரு லயத்துக்கும் மாற்றுக் காணி எது, எந்தத் திகதியில் என்று தோட்ட நிர்வாகமும் பிரதேச செயலகமும் பதில் தர வேண்டும். கடிதத்தின் பிரதியையும், பதில் வந்தால் அதையும், தொழிற்சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். வராத தோட்டங்களின் பெயரை அடுத்த இதழில் போடுவோம்.