நிய்யத்து வைத்தும் போக இயலாதவர்



வத்தல்மலை அடிவாரத்தில் நாமறிந்த பெரியவர் ஒருவர், 2020ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் பணம் கட்டி, இஹ்ராம் துணியும் வாங்கி வைத்திருந்தார். கொரோனா வந்தது. அவ்வாண்டு வெளிநாட்டிலிருந்து எவரையும் சவூதி அரசு அனுமதிக்கவில்லை. அங்கு வசிப்போரில் ஏறத்தாழ ஆயிரம் பேரே ஹஜ் செய்தனர். 2021லும் வெளிநாட்டார்க்கு வழியில்லை. 2022இல் வழி திறந்தபோது 65 வயதுக்கு உட்பட்டோருக்கே அனுமதி! பெரியவருக்கோ அறுபத்தேழு.

“நோய்க்கு அஞ்சிக் கஅபாவை அடைப்பது ஈமானுக்கு அழகா, ஹஜரத்?” எனக் கேட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் செல்ல வேண்டாம், அவ்வூரில் இருப்போர் அதற்கு அஞ்சி வெளியேறவும் வேண்டாம் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளையன்றோ? ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் எனக் கேள்வியுற்ற உமர் (ரலி) அவர்கள், ஸர்க் என்னுமிடத்திலிருந்தே மதீனாவுக்குத் திரும்பினார்கள். இறைவிதியை விட்டு ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் மற்றொரு விதிக்கே செல்வதாக விடையளித்தார்கள். பயணத்தை நிறுத்தியதும் மார்க்கமே என்றேன். பெரியவர் சற்றுத் தேறினார்.

2023இல் வயது வரம்பு நீங்கியது. ஆனால் அதற்குள் அவருக்கு நடக்க இயலாமற் போயிற்று. பதல் ஹஜ் பற்றி அவர் மகன் இப்போது விசாரித்து வருகிறார். உங்கள் இல்லத்திலும் இத்தகைய முதியவர் இருப்பின், தாமதியாமல் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள்.