நலம் விசாரிக்கவும் ஒரு விலையா?



நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் செலுத்த வேண்டிய கடமை என்பதை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். நோயுற்ற அடியானைக் காணச் செல்லாதவனிடம் மறுமையில் அல்லாஹ்வே அதுபற்றி வினவுவான் என ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸ் குத்ஸீ எச்சரிக்கிறது. இத்தகைய கடமைக்கு இன்று மருத்துவமனை வாயிலில் சுங்கம் வசூலிக்கப்படுகிறது.

ராயப்பன்பட்டியில் ஒருவர் நோய்ப்பட்டால் க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே பேருந்து மாறிச் செல்ல வேண்டும். மதுரை அதனினும் தொலைவு. பிள்ளைகளோ வளைகுடாவிலும் கேரளத்து ஏலத்தோட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நலம் விசாரிப்பு என்பது தொலைபேசி மட்டுமே.

எங்களுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். அங்கே அலைபேசிக்கு அனுமதியில்லை. தம்மாமிலிருந்து மகன் அழைத்தபோது, உள்ளே பணிபுரியும் ஒருவர் 200 ரூபாய் தந்தால் காதருகே பிடிப்பதாகச் சொன்னார். ஐந்து நாள் அவ்வாறே நடந்தது. "அத்தா, நான்தான் பேசுறேன், கேக்குதா?" என்பதற்கு மேல் அம்மகனால் பேச முடிந்ததில்லை. ஆறாம் நாள் அவர் வஃபாத்தானார். பஞ்சு முதல் கையுறை வரை எழுதப்பட்டிருந்த கட்டணச் சீட்டில் அந்த 1,000 ரூபாய் மட்டும் இல்லை.

அந்த ஊழியரை மட்டும் பழிப்பது எளிது. ஒப்பந்தக் கூலிக்கு உழைப்பவர் அவர். தடையை விதித்துவிட்டு, அத்தடையைச் சுற்றி வளரும் வியாபாரத்தைக் காணாததுபோல் இருக்கும் நிர்வாகத்தையே முதலில் கேட்க வேண்டும்.

இதே அநீதி இங்கிலாந்தில் சட்டப்படியே நடந்தது. 2000 இல் அந்நாட்டு அரசு பெரிய மருத்துவமனைகளில் படுக்கைதோறும் தொலைபேசியும் தொலைக்காட்சியும் வைக்கத் திட்டமிட்டு, பணியைத் தனியாரிடம் ஒப்படைத்தது. அவற்றுள் பெரியது பேஷண்ட்லைன் நிறுவனம். வெளியிலிருந்து நோயாளியை அழைப்பவர் நிமிடத்திற்கு 49 பென்ஸ் வரை செலுத்தினார். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 40 ரூபாய். அழைத்தவுடன் நோயாளியின் குரல் கேட்காது. பதிவுசெய்யப்பட்ட அறிவிப்பு ஓடும், அதற்கும் கட்டணம் ஏறும். அலைபேசிக்குத் தடை பரவலாக இருந்த காலம் அது; வேறு வழி ஏது? தொலைத்தொடர்பு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம் விசாரித்து, 2006 ஜனவரியில் இந்த உயர்கட்டணத்திற்கு அரசின் கொள்கையும் ஒப்பந்தங்களுமே பெருங்காரணம் என்று கூறி, சுகாதாரத் துறையே மறுஆய்வு செய்யப் பரிந்துரைத்தது. நிறுவனத்தைக் கேட்டால் முதலீடு என்பார்கள், அரசைக் கேட்டால் நிறுவனம் என்பார்கள். நடுவில் பணம் கட்டியவள் ஒரு மூதாட்டியின் மகள்.

வெளியேற முடியாதவரிடம் விற்பவனுக்கு விலை ஒரு பொருட்டன்று. நம் நாட்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2018 இல் தில்லி வட்டாரத் தனியார் மருத்துவமனைகள் நான்கை ஆராய்ந்தபோது, சில பொருட்களில் இலாபம் 1,737 விழுக்காடு வரை சென்றிருந்தது. நிர்ப்பந்தத்தில் சிக்கியவரிடம் அதைப் பயன்படுத்தி வியாபாரம் செய்வதைத் தடுக்கும் ஹதீஸ் அபூதாவூதில் உண்டு. அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டென அறிஞர்கள் கூறியுள்ளனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எனினும் அளவிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரை ஒரு சூராவே கண்டித்திருக்க, இதை ஹலாலான வருமானம் என்று எந்த மனம் ஒப்பும்?

தொற்றுப் பரவும், கருவிகள் பாதிக்கப்படும் என்பர். அது உண்மையானால் 200 ரூபாய் கொடுத்ததும் தொற்று எங்கே போயிற்று? தூய்மைப்படுத்திய ஓர் அலைபேசியைப் பிரிவிலேயே வைத்து, நாளுக்கு ஒரு வேளை செவிலியர் முன்னிலையில் கட்டணமின்றிப் பேசவைக்க எவ்வளவு செலவாகும்?

நம்மையும் விட்டுவிடலாகாது. பெயர்ப்பலகையுடன் ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுக்கும் நம் செல்வந்தர்கள் மருத்துவமனை அறங்காவலர்களுடன் விருந்துண்கிறார்கள். இந்தக் கேள்வியை ஒருமுறையேனும் கேட்டதுண்டா? மருத்துவமனை நடத்தும் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் பிரிவுகளில் இதை நாளையே தொடங்கலாம். அதற்கு அரசாணை தேவையில்லை. பள்ளத்தாக்கின் ஜமாஅத்துகள் கையொப்பமிட்ட கடிதத்துடன் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரைச் சந்திக்கட்டும். ராயப்பன்பட்டியின் கிறிஸ்தவ, இந்து அண்டை வீட்டாரும் இதே வரிசையில் நின்று இதே பணத்தைக் கொடுப்பவர்களே. அக்கடிதத்தில் அவர்களின் கையொப்பமும் இருக்க வேண்டும்.