இரண்டு மைலுக்கு அப்பால் ஓர் எஃகுத் தகடு



சென்ற மாதம் ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நம் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துத் தமது கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் குடியுரிமை பெற்று வாழும் அவருடைய மகன், புல் காய்ந்த ஒரு மேட்டில் குப்புறப் படுத்து, நீண்ட துப்பாக்கி ஒன்றால் சுடுகிறார். வெடிச்சத்தம் அடங்கியபின் எவரும் அசையவில்லை. சில விநாடிகள் கழிந்த பின்னரே அருகிலிருந்த நண்பர் ஏதோ ஓர் எண்ணைச் சொன்னார். "ஐயா, ஓய்வுநாள் பாடசாலையில் வளர்ந்த பிள்ளை. இது விசுவாசிக்கு அடுத்த காரியம்தானா? நான் தடுக்க வேண்டுமா?" என்று தகப்பனார் கேட்டார்.

அன்று என்னிடம் பதில் இல்லை. துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனம் தீர்ப்பெழுதிவிடுகிறது. என் மனமும் அப்படியே செய்தது. ஆயினும் அறியாத ஒன்றைக் குறித்துத் தீர்ப்புக் கூறுவது போதகனுக்கு அழகன்று. ஆகவே சில வாரங்கள் வாசித்தேன். அந்தத் தம்பியோடு இருமுறை தொலைபேசியில் உரையாடினேன். எனக்குத் தோன்றியதை இங்கே எழுதுகிறேன்.

அதிதொலைவுக் குறிசுடுதல் என்று இதைச் சொல்லலாம். ஏறத்தாழ ஒரு மைலுக்கு அப்பாலுள்ள இலக்கைச் சுடுவதே இவ்விளையாட்டு. நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராட்டன் நகருக்கருகே, 33,000 ஏக்கர் பரப்புள்ள விட்டிங்டன் மையம் என்னும் இடம் உள்ளது. 2014இல் தொடங்கிய 'இரண்டு மைல் மன்னன்' என்னும் போட்டி அங்கே பல ஆண்டுகள் நடைபெற்றிருக்கிறது. இலக்கு, ஓர் ஆள் கைவிரித்த அகலத்துக்கும் குறைவான எஃகுத் தகடு. வெறுங்கண்ணுக்கு அது தெரிவதே இல்லை.

இரண்டு மைல் என்பது 3,520 கெஜம். ஒரு பாகையை அறுபதாகப் பகுத்து, அதில் ஒரு பங்கு மட்டும் குழல் விலகியிருந்தாலும், அத்தொலைவில் குண்டு மூன்றடி தள்ளிப்போய் விழும். செல்லும் வழியில் புவியீர்ப்பு அதைப் பல நூறு அடி கீழே இழுக்கிறது; அதற்கு ஈடாகக் குழலை வானை நோக்கிச் சாய்த்தே சுடுகிறார்கள். காற்று மணிக்கு ஒரு மைல் வேகம் கூடியதைக் கவனியாமல் விட்டால் பல அடி பிழைக்கும். குண்டு பறக்கும் அந்த ஆறேழு விநாடிகளுக்குள் பூமியும் சுழன்றுவிடுகிறது. அதையும் கணக்கிடாவிட்டால் அடிக்கணக்கில் விலகும். வெப்பநிலை, காற்றழுத்தம், கானலின் நெளிவு, குண்டு தன்னைத்தானே சுழன்று பக்கவாட்டில் ஒதுங்குவது என எல்லாமே கணக்கில் வருகின்றன. தோட்டாவில் அடைக்கும் வெடிமருந்தை அவர்களே வீட்டில் நிறுத்து அடைக்கிறார்கள். அவர்களது அளவை 'கிரெய்ன்'. ஒரு தானியமணியின் எடையிலிருந்து பிறந்த அளவு அது. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறரை மில்லிகிராம் அளவு வேறுபாட்டுக்கும் கவலைப்படுகிறார்கள். செலவைப் பற்றி நான் விரிக்கப்போவதில்லை. கிரிக்கெட்டுக்கும் நகைக்கும் நாம் செலவிடுவதை எவரும் கணக்குக் கேட்பதில்லை.

இதையெல்லாம் கேட்டபோது என்னை நிறுத்தியது வேறொன்று. பாவம் என்பதற்கான கிரேக்கச் சொல் 'ஹமார்த்தியா', அதன் வேர்ப்பொருள் குறி தவறுதல் என்று நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஈட்டி எறிந்தவனின் குறி தப்பியதைச் சொல்லவும் அதன் வினைவடிவம் பண்டைய கிரேக்கத்தில் வழங்கியது உண்மையே. ஆனால் குறி தவறுதல் என்றால் என்னவென்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அத்தம்பி சொன்னார்: "ஐயா, இங்கே தவறுவதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. எங்கே விழுந்தது என்று பார்க்காமல் அடுத்ததைச் சுடுகிறவனைத்தான் மதிக்கமாட்டார்கள்." சுடுகிறவர் அருகே இன்னொருவர் தொலைநோக்கியோடு அமர்ந்து, புழுதி எழுந்த இடத்தைப் பார்த்து, இடப்புறம் இவ்வளவு, கீழே இவ்வளவு என்று உரக்கச் சொல்கிறார். சுட்டவர் மறுப்பதில்லை, நோட்டில் எழுதிக்கொள்கிறார். நம் சபைகளில் இப்படி ஒருவர் அருகிலிருந்து சொல்லவும், மற்றவர் முகம் சுளிக்காமல் கேட்கவும் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். என் பிரசங்கத்தின் அந்தப் பகுதியை நான் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது.

2022ஆம் ஆண்டு வயோமிங் மாநிலத்தில் ஒரு குழுவினர் 4.4 மைல் தொலைவிலிருந்த இலக்கைச் சுட்டுச் சாதனை படைத்தார்கள். குண்டு இலக்கை அடைய ஏறத்தாழ 24 விநாடிகள் ஆயின. செய்தியின் தலைப்பில் மைல் கணக்கு இருந்தது. எனக்குப் பிடித்தது உள்ளே இருந்த மற்றோர் எண்: அது 69ஆவது முயற்சி. முந்தைய 68 குண்டுகளும் மண்ணில் போயின என்பதையும் அவர்களே சொன்னார்கள். அதனாலேயே, இதைத் திறமையின் அளவுகோலாக ஏற்காமல், முதல் குண்டிலேயே படுகிற தொலைவுதான் ஒருவரின் உண்மையான தொலைவு என்று வாதிடுவோரும் இவ்விளையாட்டில் உண்டு. நான் அவர்கள் பக்கம்.

இத்துணை சொன்னபின் மறைக்கக்கூடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். இக்கலை போர்க்களத்திலிருந்து வந்தது. இவ்விளையாட்டில் வழங்கும் .338 லப்புவா மேக்னம் போன்ற தோட்டாக்கள் இராணுவக் குறிசுடுநர்களை மனதில் கொண்டே உருவாக்கப்பட்டன. நியாயாதிபதிகள் புத்தகம் 20ஆம் அதிகாரத்தில் பென்யமீன் கோத்திரத்தார் எழுநூறுபேர் வருகிறார்கள், இடதுகைப் பழக்கமுள்ளவர்கள், தலைமுடியையும் குறிவைத்துக் கவண்கல் எறிய வல்லவர்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த வசனத்தை வியப்போடு கற்பிக்கிறோம். அதே அதிகாரத்தின் முடிவுவரை வாசிப்பதில்லை. அவர்கள் ஒரு கொடுமையைச் செய்தவர்களை ஒப்புக்கொடுக்க மறுத்து, சொந்தச் சகோதரரோடு போரிட்டார்கள். இறுதியில் கன்மலைக்கு ஓடித் தப்பியவர்கள் 600 பேர். கை தவறாதவர்களின் கதை அது.

ஆகவே எஃகுத் தகட்டைச் சுடுவதில் நான் பாவம் காணவில்லை. தகட்டுக்குப் பின்னே மலைச்சரிவு உண்டா, அப்பால் வழிப்போக்கர் உண்டா என்று பார்த்தபின்னரே அவர்கள் சுடுகிறார்கள். அது பொறுப்பறிந்த விளையாட்டு. என் ஆட்சேபம் இதே தொலைவை உயிருள்ளதின்மேல் காட்டும்போது தொடங்குகிறது. அத்தம்பியின் நண்பர்கள் அவரை இவ்வாண்டு இலையுதிர்காலத்தில் எல்க் என்னும் பெருமானினத்தின் வேட்டைக்கு அழைத்திருக்கிறார்கள். மிகத் தொலைவிலிருந்து சுட்டுப்பார்க்கலாம் என்பது திட்டம்.

வேட்டையே தவறு என்று நான் சொல்லவில்லை. இறைச்சி உண்கிற நான் அப்படிச் சொல்வது மாய்மாலம். ஆனால் ஒரு மைல் தொலைவுக்கு வேட்டைத் துப்பாக்கியின் குண்டு போய்ச்சேர ஏறத்தாழ மூன்று விநாடிகள் ஆகும். அதற்குள் மேய்கிற விலங்கு ஓரடி எடுத்துவைத்தால், இருதயத்துக்குக் குறித்தது குடலில் பாயும். தகட்டில் அது ஒரு பிழை, நோட்டில் எழுதிக்கொள்ளலாம். விலங்கிலோ அது காயத்தோடு காட்டுக்குள் ஓடி நாட்கணக்கில் சாவது. சுட்டவர் பள்ளத்தாக்கைக் கடந்து அவ்விடம் சேரும்போது இரத்தத்துளி கிடைத்தால் உண்டு. தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் நிறுவிய பூன் அண்ட் க்ரொக்கெட் சங்கம் வேட்டைக்காரர்களின் சங்கமே. கருவியையும் தொலைவையும் சோதிப்பதற்காக உயிரைச் சுடுவது வேட்டையே அன்று என்பது அவர்களுடைய நிலைப்பாடும்கூட. எஃகைச் சுட்டுக் கற்ற நிதானத்தை ஒருவர் உயிரின்முன் கைவிடுவதாயின், அவர் கற்றது என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

தகப்பனாரிடம், "துப்பாக்கியைத் தடுக்க வேண்டாம், அழைப்பைப்பற்றிப் பேசுங்கள்" என்றேன். தம்பிக்கும் இதையே எழுதினேன். அவர் பதிலில் ஒரு கேள்வி மட்டும் இருந்தது: "அப்படியானால் எத்தனை கெஜம்வரை சுடலாம், ஐயா?" அதற்கு நான் எண் எதுவும் அனுப்பவில்லை. எழுந்துபோய்விட்ட விலங்கைத் தேடி எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் நடக்க ஆயத்தமாயிருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வேட்டைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன.