சனி, ஞாயிறுக்கு ஒரு கொண்டோ

எங்கட ஆக்களின் கலியாணவீடு, பிறந்தநாள் எதற்குப் போனாலும் கதை கடைசியில் வீடு வாங்கிறதில்தான் வந்து நிற்கும். இப்ப ஒரு புது யோசனை சுற்றித் திரிகிறது. மொன்றியல் டவுன்ரவுனில் சின்னதாக ஒரு கொண்டோ வாங்குவது. சனி, ஞாயிறு நாங்கள் தங்குவது. வார நாட்களில் யாருக்காவது வாடகைக்கு விடுவது. "மோட்கேஜை அவன் கட்டுவான், வீடு எங்களுக்கு" என்கிறார்கள்.

ஆசை எனக்கு விளங்காமலில்லை. நான் ரொக்ஸ்பரோவில் இருந்து டவுன்ரவுன் குசினி ஒன்றுக்கு வேலைக்குப் போகிறவன். எங்கட பழைய ரெயின் பாதையை 2020 முடிவோடு மூடினார்கள். அதே தடத்தில் 'ரெம்' ஓடத் தொடங்கியது 2025 நவம்பரில். கிட்டத்தட்ட ஐந்து வருசம் இரவு வேலை முடித்து பஸ்ஸில் தூங்கி விழுந்து வந்தவர்களுக்குத் தெரியும், டவுன்ரவுனில் ஒரு கட்டிலின் அருமை.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கோ.

வாடகைக்கு விடவென்றே வாங்கிற வீட்டுக்குக் குறைந்தது 20 வீதம் முற்பணம் வேண்டும். பிறகு கொண்டோ கட்டணம், நகரவரி, பள்ளிக்கூடவரி. வாங்கினவுடன் 'வெல்கம் ராக்ஸ்' வேறு.  1976இல் வந்த சட்டம் அது!

காசு கிடக்கட்டும், சட்டம்? கியூபெக்கில் 31 நாள் வரையான தங்கலுக்குச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவதென்றால் பதிவு இலக்கம் வேண்டும். 2023 மார்ச்சில் பழைய மொன்றியலில் ஒரு கட்டடம் எரிந்து ஏழு பேர் செத்தார்கள். அங்கே பல அறைகள் ஏர்பிஎன்பியில் விடப்பட்டவை. அதற்குப் பிறகு பிடி இறுகிவிட்டது. 2025 முதல் மொன்றியலில் சொந்தமாகக் குடியிருக்கிற வீட்டைக்கூட யூன் 10 முதல் செப்ரெம்பர் 10 வரைதான் அப்படி விடலாம், அதுவும் 300 டொலர் பெர்மிற்றோடு. இரண்டாவது வீடென்றால் நகரம் குறித்த ஒருசில இடங்களில் மட்டும்தான்.

"அப்ப ஒரு ஸ்ருடன்ருக்கு வருச லீஸ் எழுதுவம்" என்பார்கள். எழுதலாம். ஆனால் இங்கே லீஸ் முடிந்தாலும் தானாகவே புதுப்பிக்கப்படும். குடியிருப்பவருக்குத் தொடர்ந்து இருக்க உரிமை உண்டு. வெள்ளி பின்னேரம் "தம்பி, வெளிக்கிடும்" என்று கதவைத் தட்டினால் அவர் வீட்டு வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போவார். நியாயமும் அவர் பக்கம்தான். ஒரு உறையில் இரண்டு வாள் எப்படிக் கொள்ளும்?

எனக்கு உறுத்துவது சட்டத்தை விட வேறொன்று. வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை எங்கே போகும்? ஊர் கிட்டவென்றால் போய்வரும். வெளிநாட்டில் இருந்து படிக்க வந்த பிள்ளை? முழு வாடகைக்குக் கிட்டத்தட்டக் கட்டிவிட்டு, கிழமைக்கொருக்கால் சூட்கேஸோடு தெருவில் நிற்கவேணும். சட்டி பானை வைக்க அலுமாரி இல்லை, சுவரில் ஒரு படம் மாட்ட உரிமை இல்லை.

கோட் டி நேஜில் ஒரு அப்பாட்மென்டில் ஏழெட்டுப் பேர் கிடந்து, இரவு வேலைக்காரன் எழும்பிய மெத்தையில் பகல் வேலைக்காரன் படுத்த கதைகளை எங்கட மூத்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அது வழியில்லாமல் பகிர்ந்த பாய். ஒருவன் மற்றவனை வைத்துச் சம்பாதிக்கவில்லை. "எனக்கென்று ஒரு திறப்பு வேணும்" என்று ஏங்கின சனம் நாங்கள். இன்னொருவருக்கு அரைத் திறப்பைக் கொடுத்து முழுக் காசு வாங்க நினைக்கலாமோ?

காசிருந்தால் கொண்டோ வாங்குங்கோ. வாங்கினால் ஏழு நாளுக்கும் சேர்த்து ஒழுங்கான லீஸில் ஒருவருக்குக் கொடுங்கோ. சனி, ஞாயிறு டவுன்ரவுனில் நிற்கவேணுமென்றால் மாதத்துக்கு இரண்டு இரவு ஹொட்டேலில் தங்குங்கோ, கொண்டோவை விட மலிவு. மற்ற நாளுக்கு ரெயின் திரும்பி வந்துவிட்டது.