காருக்குப் பணம் உண்டு. மாட்டிய சாமானுக்கு இல்லையாம்!

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சாயங்கால நேரத்தில் நடந்து பார்த்தால் தெரியும். கடை வாசலில் புதுக் கார்கள் நிற்கும். ஒரு காருக்கு அலாய் வீல் மாட்டுவார்கள். இன்னொன்றுக்கு சீட் கவர் போடுவார்கள். அடுத்ததற்குப் பெரிய திரை வைத்த மியூசிக் சிஸ்டம்.

கார்க்காரர் அத்தனைக்கும் தாராளமாகப் பணம் கொடுக்கிறார். ஆனால், இந்தச் சாமான்களைப் பற்றி இன்சூரன்சு கம்பெனிக்கு ஒரு வார்த்தை சொல்வதில்லை. கம்பெனி கேட்பதில்லை. ஏஜெண்டும் கேட்பதில்லை.

இந்த மவுனத்தின் விலை, கார் நொறுங்கிய பிறகுதான் தெரிகிறது!

லாரியில் மோதி கார் அப்பளமாகிவிட்டது. அல்லது வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. "இனி ரிப்பேர் பண்ணிப் பிரயோசனம் இல்லை" என்று சர்வேயர் எழுதிவிட்டார். கம்பெனி பணம் கொடுக்கிறது. காருக்குக் கொடுக்கிறது. கடையில் வாங்கி மாட்டிய சாமானுக்கு ஒரு பைசா இல்லை.

"வீலுக்கே அறுபதாயிரம் செலவு பண்ணேன் சார்!"

"பாலிசியில அது இல்லையே சார்!"

இந்தப் பேச்சு இன்சூரன்சு ஆபீசுகளுக்குப் புதிதல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் 'மிச்சாங்' புயல் மழையிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் மூழ்கின. அடுத்த மழைக்கும் இதே பேச்சு வராமல் இருக்க வேண்டுமானால், கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும்.

75 சதவீதம் தாண்டினால்...

பாலிசியில் 'ஐ.டி.வி.' என்று ஒரு தொகை போட்டிருக்கும். கார் முழுதும் நாசமானாலோ, திருட்டுப் போனாலோ கம்பெனி கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை அது. ரிப்பேர் செலவு இந்தத் தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அது 'டோட்டல் லாஸ்'.

இந்தத் தொகையை எப்படிப் போடுகிறார்கள்? கார் தயாரித்த கம்பெனி அறிவித்த விற்பனை விலையில் இருந்து, வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிப்பார்கள். 2002-ம் ஆண்டு வந்த மோட்டார் டேரிஃப் அட்டவணைப்படி, ஓராண்டு முதல் 2 ஆண்டு வரை 20 சதவீதம். 2 முதல் 3 ஆண்டு வரை 30 சதவீதம். 4 முதல் 5 ஆண்டு வரை 50 சதவீதம். அதற்கு மேல் வயதான காருக்கு, இரு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கணக்கு தொடங்குவது, தயாரித்த கம்பெனியின் விலையில். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் மாட்டியது அந்த விலையில் இல்லை. தனியாகச் சொல்லி, தனியாக எழுதி, தனியாக பிரீமியம் கட்டினால்தான் அது பாலிசிக்குள் வரும்.

2,800 ரூபாயில் போயிற்று 84,000!

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

காரின் விலை 8 லட்சம் ரூபாய். 2 ஆண்டு முடிந்து பாலிசியைப் புதுப்பிக்கிறார்கள். 30 சதவீதம் கழித்தால் 5 லட்சத்து 60 ஆயிரம். ரிப்பேர் செலவு 4 லட்சத்து 20 ஆயிரத்தைத் தாண்டினால் கார் 'டோட்டல் லாஸ்'.

கார் வாங்கியபோதே அலாய் வீல், சீட் கவர் வகையில் 80 ஆயிரமும், மியூசிக் சிஸ்டம், கேமரா வகையில் 40 ஆயிரமும் செலவு செய்திருக்கிறார்கள். மொத்தம் 1 லட்சத்து 20 ஆயிரம். இதற்கும் அதே 30 சதவீதம் கழித்தால் மிச்சம் 84 ஆயிரம் ரூபாய்.

பாலிசியில் எழுதியிருந்தால் என்ன செலவாகியிருக்கும்? மின்சாரத்தில் ஓடும் சாமானுக்கு டேரிஃப் சொன்ன கட்டணம் 100-க்கு 4 ரூபாய். 28 ஆயிரத்துக்கு 1,120 ரூபாய். மற்ற சாமானுக்குக் காருக்கு உள்ள கட்டணம்தான். 100-க்கு 3 ரூபாய் என்று வைத்தாலும் 56 ஆயிரத்துக்கு 1,680 ரூபாய். இரண்டும் சேர்ந்து 2,800. வரி தனி.

2,800 ரூபாய் கட்டாததால் போனது 84 ஆயிரம்! 2007 ஜனவரியில் இருந்து கட்டணத்தைக் கம்பெனிகளே தீர்மானிக்கலாம் என்று ஆகிவிட்டது. ஆகவே தொகை கொஞ்சம் கூடலாம், குறையலாம். விஷயம் மாறாது.

"சொல்லாத சாமானுக்கு பிரீமியம் வாங்கவில்லை. பிரீமியம் வாங்காததற்குப் பணம் எப்படிக் கொடுப்பது?" என்று கம்பெனிக்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதோடு நின்றிருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால், கதை அதோடு நிற்கவில்லையே!

காயலான் கடையில் மட்டும் மதிப்பா?

நொறுங்கிய காருக்கும் ஒரு விலை உண்டு. காயலான் கடைக்காரர்களிடமும் பழைய வண்டி வாங்குபவர்களிடமும் சர்வேயர் விலை கேட்பார். வண்டியை உரிமையாளரே வைத்துக்கொண்டால், அந்த விலையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கம்பெனி கொடுக்கும். வண்டியை ஒப்படைத்துவிட்டால், விற்ற பணம் கம்பெனிக்குப் போகும்.

பழைய சாமான் வாங்குகிறவர் எதைப் பார்த்து விலை சொல்கிறார்? நசுங்கிய தகட்டையா? நல்ல நிலையில் நிற்கும் நாலு அலாய் வீலைப் பார்க்கிறார். உடையாத மியூசிக் சிஸ்டத்தைப் பார்க்கிறார். புதுப்பேட்டையில் அது உடனே விலை போகும் என்று அவருக்குத் தெரியும். அதற்கும் சேர்த்துத்தான் விலை சொல்கிறார்.

ஆக, பணம் கொடுக்கும்போது அந்த வீல் இல்லை. பணம் கழிக்கும்போது மட்டும் அந்த வீல் இருக்கிறது! இது எந்த ஊர் நியாயம்?

பாலிசியில் இல்லாத சாமான் என்றால், அது கம்பெனியின் கணக்கிலேயே வரக்கூடாது. உடைசலுக்கு விலை கேட்பதற்கு முன்பே, அதைக் கழற்றிக்கொள்ள உரிமையாளரை விட வேண்டும். இல்லையேல், அந்தச் சாமானின் விலையை ஒதுக்கிவிட்டு உடைசலுக்கு மதிப்புப் போட வேண்டும். இரண்டில் ஒன்று செய்தாக வேண்டும்.

எல்லாச் சாமானும் ஒன்றல்ல

கார்க்காரர்கள் பக்கமும் தப்பு இல்லாமல் இல்லை.

சீட் கவர் போடுவது வேறு. வண்டியின் அமைப்பையே மாற்றுவது வேறு. தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கும், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தப்படி, உரிமையாளர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்புக் கம்பிகளைத் தடுக்கச் சொல்லி, 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது.

கேஸ் கிட் வைத்தால் ஆர்.சி. புத்தகத்திலும் ஏற வேண்டும். பாலிசியிலும் ஏற வேண்டும். திருட்டுத்தனமாக மாட்டிவிட்டு, தீப்பிடித்த பிறகு கம்பெனி வாசலில் நின்றால் யார் இரக்கப்படுவார்கள்?

அதே சமயம், இதைச் சாக்காக வைத்து முழுப் பணத்தையும் மறுப்பதும் சரியல்ல. வெள்ளத்தில் மூழ்கிய காருக்கு, அதன் அலாய் வீலா காரணம்? மாற்றத்துக்கும் விபத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று சொல்லும் கம்பெனிதான் அதைக் காட்ட வேண்டும்.

'இல்லை' என்று எழுதுவது யார்?

பாலிசி கேட்டு எழுதிக் கொடுக்கும் படிவத்தில், கூடுதல் சாமான்களுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்புவது யார்? பெரும்பாலும் ஏஜெண்டுதான். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சார், மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்கிறார். அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று விழுகிறது. அடுத்த ஆண்டும் அதே 'இல்லை'. இப்போது செல்போனிலேயே இரண்டு நிமிடத்தில் பாலிசி வாங்கலாம். யாரும் நிறுத்தி நிதானமாகப் படிப்பதில்லை.

கடைகளிலும் ஒரு பழக்கம் இருக்கிறது. "பில் போட்டா வரி வரும். வேணுமா சார்?" என்று கேட்கிறார்கள். "வேண்டாம்பா" என்று இவரும் தலையாட்டுகிறார். வரியை மிச்சம் பிடித்ததாகச் சந்தோஷம். நாளைக்கு வீலின் விலையை நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம் இருக்காது.

செய்ய வேண்டியது என்ன?

"காரில் கூடுதலாக என்ன மாட்டியிருக்கிறீர்கள்?" என்ற கேள்வியை, பாலிசி விற்பவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். பதிலுக்குத் தனியாகக் கையெழுத்து வாங்க வேண்டும். செல்போன் பாலிசியாக இருந்தால், அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாதபடி செய்ய வேண்டும். புதுப்பிக்கும் ஒவ்வொரு ஆண்டும் இது நடக்க வேண்டும். பிரீமியம் வாங்க ஆயிரம் தடவை போன் செய்கிறவர்களுக்கு, இந்த ஒரு கேள்வி பெரிய பாரம் அல்ல.

சாமான் விற்கும் கடைக்காரர்கள், 'இதைப் பாலிசியில் சேர்க்கவும்' என்று பில்லின் அடியில் ஒரு வரி அச்சடித்தால் புண்ணியம். அவர்களுக்கும் வியாபாரம் குறையாது.

கார் வைத்திருப்பவர்கள் பில்லைப் பத்திரமாக வைக்க வேண்டும். சாமான் மாட்டியதும் போட்டோ எடுத்து, கம்பெனிக்கு எழுதி, பாலிசியில் சேர்த்ததற்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். ஏஜெண்டின் வாய் வார்த்தை கணக்கில் வராது. கார் நொறுங்கிவிட்டால், பாலிசியில் இல்லாத சாமானைக் கழற்றுவது பற்றி முதல் நாளே சர்வேயரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்காமல் கழற்றினால் வேறு வம்பு வரும்.

அநியாயமாக மறுத்தால் முதலில் கம்பெனிக்கே புகார் எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, இன்சூரன்சு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை. வக்கீலும் தேவையில்லை. ஆனால், கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும்.

இதெல்லாம் தனி மனிதர் செய்துகொள்ளும் தற்காப்பு. உடைசலின் விலையில் நடக்கும் அநியாயத்தைத் தனி மனிதர் நிறுத்த முடியாது. 'கொடுக்கும்போது எண்ணாததைக் கழிக்கும்போதும் எண்ணாதே' என்று ஓர் உத்தரவு போட்டால் போதும்.

கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஆணையம் ஐதராபாத்தில் இருக்கிறது. அடுத்த மழைக்காலத்துக்குள் அது கவனிக்குமா?