வானுக்கு ஒரு நியாயம், கடலுக்கு ஒரு நியாயமா?

காலநிலையைக் கெடுக்கும் எரிபொருளுக்கு வரி போட வேண்டும் என்ற பேச்சு உலக அரங்கில் வலுத்து வருகிறது. மீன்வளத் துறையில் இருக்கும் நாம் அதை அஞ்சாமல் வரவேற்க வேண்டும். அந்த வரி முதலில் யார்மேல் விழ வேண்டும், வசூலாகும் பணம் எங்கே போக வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

வரவேற்கக் காரணம் நம் கரையிலேயே இருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களிலிருந்து, பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போன பலர் கரை திரும்பவில்லை. அரபிக்கடல் சூடேறுவதும் அங்கே புயல்கள் வலுப்பதும் அளந்து அறிந்த உண்மைகள். புகை விட்டவர் கொடுக்காத விலையைக் கடலுக்குப் போகிறவர் கொடுக்கிறார்.

வரி முதலில் விழ வேண்டிய இடம் வானம். உள்நாட்டு விமானம் நிரப்பும் எரிபொருளுக்குத் தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி 29 சதவீதம். அதே ஓடுதளத்திலிருந்து வெளிநாடு கிளம்பும் விமானத்தின் எரிபொருளுக்கு விற்பனை வரி இல்லை. 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையும் அதையொட்டி நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தங்களும் உலகெங்கும் இப்படியொரு சலுகையை நிலைக்க வைத்துள்ளன. எரிபொருளில் கைவைக்க முடியாவிட்டால் பயணச்சீட்டில் வரி வாங்கலாம். பிரான்ஸ் 2006 முதல் அப்படி வாங்கி, ஏழை நாடுகளின் மருந்துச் செலவுக்கு உதவுகிறது. 2025 ஜூனில் செவில் நகரில் பிரான்ஸ், கென்யா, பார்படோஸ், ஸ்பெயின் உள்ளிட்ட நாடுகள், உயர்வகுப்புப் பயணிகளிடமும் தனி விமானங்களிடமும் வரி வாங்குவதற்காகக் கூட்டணி அமைத்தன. இந்தியாவும் அதில் சேர வேண்டும்.

பணம் போகும் வழியில் நமக்கு ஒரு கசப்பான பாடம் உண்டு. நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் என்று 2010-இல் தொடங்கிய தூய எரிசக்தி வரி, 2016-இல் 400 ரூபாய் ஆனது. 2017-இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வருவாய் மாநிலங்களின் வரி இழப்பீட்டுக்குத் திரும்பியது. இனி வரும் காலநிலை வரியில் கரையோர மக்களின் பங்கு சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

நம் டீசலும் சுத்தமானதல்ல. ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஆனால் நம் படகுகளில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சியதுதான் பங்கு. டீசல் விலை ஏறினால் முதலாளியின் பங்கோடு தொழிலாளியின் பங்கும் கரையும். ஆகவே மீனவருக்கான வரிவிலக்கு டீசலும் வள்ளங்களுக்கான மானிய மண்ணெண்ணெயும் தொடர வேண்டும்.

விலக்குக் கேட்பவர் கணக்குக் காட்டவும் வேண்டும். ஒரு கிலோ மீனுக்கு எத்தனை லிட்டர் எரிகிறது என்பதைக் குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களில் படகுவாரியாகப் பதிவுசெய்வோம். கணக்கோடு எரிபொருள் சிக்கனமும் வேண்டும். விசைப்படகின் வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் இன்ஜின் கேட்கும் திறன் ஏறத்தாழ கால் பங்கு குறையும். அடிப்பகுதியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டுவதும், இன்ஜினுக்கு ஏற்ற புரொப்பல்லரைப் பூட்டுவதும் கையோடு பலன் தருபவை. மீன்வள அலுவலர்களும் கூட்டுறவுச் சங்கங்களும் இன்ஜின் மெக்கானிக்குகளும் வரும் தடைக்காலத்திலேயே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். வரிச் சட்டம் விவாதத்துக்கு வரும்போது நம் நியாயத்தை எண்களோடு எடுத்துவைக்க வேறு வழியில்லை.